இடது பக்கச் சீட்டு

அந்த ஜன்னலோரம் உங்களதுங்களா தம்பி? வாங்க, உள்ள போங்க. வெளிய வேடிக்கை பாக்கலாம்னு சித்த நேரம் உக்காந்துட்டனுங்க. என்ற சீட்டு இந்தப் பக்கத்துதான்.

பெல்ட்டெல்லாம் போட்டாச்சுங்க. அந்த ஏர்ஹோஸ்டஸ் பொண்ணே வந்து மாட்டி உட்டுட்டுப் போச்சு. என்னையப் பாத்துச் சிரிச்சுதே, கவனிச்சீங்களா? அது எல்லாத்துக்கும் சிரிக்கிற சிரிப்பு இல்லீங்க. இந்தப் பிளேன ஓட்டப்போறது என்ற பையன். அட, நெசமாத்தானுங்க. நவநீதன்னு பேரு. கோபைலட்டு. 'நவநீதன் சாரோட அப்பாவா நீங்க?'ன்னு அந்தப் பொண்ணு கேட்டுச்சு. நேத்து வரைக்கும் மூக்கு ஒழுகிட்டுத் திரிஞ்ச பையன், அவனப் போயி சாருங்கறாங்க. எனக்கு நெஞ்சு நெறஞ்சு போச்சுங்க.

எனக்கு சங்ககிரி. லாரித் தொழில். கோயமுத்தூர்ல எறங்கி பஸ்ஸப் புடிச்சா ஊடு போய்ச் சேந்துருவேன். வந்த மாதிரி ரயில்லயே போயிக்கறேன்டான்னுதான் சொன்னேன். அவன் கேக்கல. 'அடுத்த வாரம் எனக்கு எடது சீட்டுக்கான பரீட்சைங்கப்பா. அதுக்கு முன்னாடி ஒரு தடவ நான் ஓட்டற பிளேன்ல வாங்க'ன்னு டிக்கெட்டே போட்டுட்டான்.

தம்பி, உங்களுக்கு ஒரு சின்ன வேலை வெக்கலாமுங்களா? கெளம்பறதுக்கு முன்னாடி மைக்குல சொல்லுவாங்களாமே, கேப்டன் இன்னாரு, கூட ஓட்டறது இன்னாருன்னு. என்ற பையன் பேரு வருமுங்க. அத உங்க போன்ல புடிச்சு எனக்கு அனுப்பி உடோணும். என்ற போன்ல எதை அமுக்குனாலும் போட்டோதான் புடிக்குது. ஊர்ல நாலு பேருக்குப் போட்டுக் காட்டோணும், அதுக்குத்தான். செய்வீங்களா? நல்லதுங்க.

எடது சீட்டுன்னா என்னன்னு கேக்கறீங்களா? நல்லாக் கேட்டீங்க. நம்ம லாரில வலது பக்கம் டிரைவரு, எடது பக்கம் கிளீனரு. இவன் வேலைக்குச் சேந்த புதுசுல 'நான் வலது பக்கம் உக்கார்றங்கப்பா'ன்னான். நான் ஊரெல்லாம் லட்டுக் குடுத்துட்டனுங்க, பையன் எடுத்த எடுப்புலயே டிரைவர் சீட்டுல உக்காந்துட்டான்னு. அப்புறந்தான் தெரிஞ்சுது, பிளேன்ல எல்லாம் தலகீழு. எடது பக்கந்தான் கேப்டனு. வலது பக்கத்துல இருக்கறவன கிளீனருன்னு சொல்ல மாட்டேன். அவனும் ஓட்டறான், ஏத்தறான், எறக்கறான். ஆனாச் சம்பளம்னு வந்துட்டா கிளீனருதானுங்க.

நீங்களும் நெனச்சிருப்பீங்க, பைலட்டுன்னா மூட்டை மூட்டையாச் சம்பளம்னு. ஊர்ல அப்படித்தான் நெனக்கிறாங்க. நெனக்கட்டும்னு உட்டுட்டேன். யாராச்சும் கேட்டா அவன் வாங்கறத மூணு மடங்காச் சொல்லுவேன். உங்ககிட்ட என்னத்துக்கு மறைக்கறது, கோயமுத்தூர்ல எறங்கிட்டா நீங்க யாரோ நான் யாரோ. எட்டு லாரி வெச்சிருந்தனுங்க. படிப்புக்கு மூணு போச்சு. படிச்சு முடிச்சு லைசென்சோட வந்தான், வேலை இல்ல. ரெண்டு வருசம் என்ற ஆபீசுல உக்காந்து லோடு பில்லு எழுதுனான், சட்டைப் பையில பிளேன் ஓட்டற லைசென்ச வெச்சுக்கிட்டு. அப்புறம் இந்தக் கம்பெனில எடுத்துக்கறோம்னாங்க. ஆனா அவங்க பிளேன் என்ன ரகமோ அந்த ரகத்துக்குத் தனியாப் படிச்சுட்டு வரோணுமாம், அதும் நம்ம காசுல. அதுக்கு இன்னும் ரெண்டு வண்டி. நம்மகிட்ட வேலை கேட்டு வர்ற டிரைவருகிட்ட, 'மொதல்ல உன்ற காசுல என்ற வண்டியப் பழகிட்டு வா'ன்னு சொன்னா அவன் என்ன பண்ணுவான்? மூஞ்சில துப்பீட்டுப் போயிருவான். இங்க பசங்க வரிசை கட்டி நிக்கறாங்க தம்பி.

சேந்ததுக்கு அப்புறமும் பழகற சம்பளம்னு பாதிதான் குடுத்தாங்க. உட்டுட்டுப் போகக் கூடாதுன்னு பாண்டு வேற. இப்பவும் பறந்த மணிக்குத்தான் காசு. நம்ம டிரைவருக்குப் படி குடுக்கற மாதிரின்னு வெச்சுக்கங்க. சக்கரம் சுத்துனாத்தான் படி. மழையில பிளேன் நின்னு போச்சா, காசு கம்மி. ரிப்பேரா, காசு கம்மி. ஒடம்புக்கு முடியலன்னு படுத்துட்டானா, காசு கம்மி. வர்றதுலயும் படிப்புக்கு வாங்குன கடனுக்குன்னு பாங்குக்காரன் முக்காவாசியப் புடிச்சுக்கறான். இங்க ஏர்போர்ட்டுக்குப் பக்கத்துல, பம்மல்ல இன்னும் மூணு பசங்களோட ஒரு ஊட்டுல கெடக்கறான். இந்த நாலு நாளா அங்கதான் இருந்தேன். வெள்ளைச் சட்டைய அவனே தொவச்சு, அவனே தேச்சு, தோள்ல தங்கப் பட்டைய மாட்டிக்கிட்டு, மெஸ்சுல அளவுச் சாப்பாடு வாங்கித் திங்கறானுங்க. எனக்குப் பாக்கவே சங்கடமா இருந்துச்சு.

எடது சீட்டுக்குப் போயிட்டா ஒரே தாவுதான். பாங்குக் கடன அஞ்சாறு வருசத்துல அடச்சுருவான். திருச்செங்கோட்டுல ஒரு பொண்ணு ஊட்டுக்காரங்க, கேப்டன் ஆகட்டும் பேசிக்கலாம்னு சொல்லி வெச்சிருக்காங்க. அதுக்கெல்லாம் ஒரு வரிசை இருக்குதுங்க, சேந்த வரிசைப்படி. இவன் பேரு வந்துருச்சு. பறந்த மணியும் சரியா இருக்குது. இனி வேண்டியது ஒண்ணே ஒண்ணுதான், பேர்ல ஒரு கரும்புள்ளி உழுகக் கூடாது. உழுந்தா வரிசையில கடைசிக்குப் போயிருவான். கடைசிங்கறது எங்கயோ கெடக்குது தம்பி, கண்ணுக்கே தெரியாது.

இதென்ன, இன்னும் கெளம்பக் காணோம்? ஓ, இப்பத்தான் சொன்னாங்களா? சித்த நேரம் ஆகுமுங்களா? பரவாயில்லீங்க. பதட்டமா ஓட்டறதுக்கு நிதானமா எடுக்கறது நல்லது. அவன் நிதானக்காரந்தான். உள்ள உக்காந்து எல்லாத்தையும் சரி பாத்துட்டிருப்பான்.

கரும்புள்ளின்னா, அந்த ஊதற சோலி இருக்குது பாருங்க. ரோட்டுல போலீசு ஊதச் சொல்லுவாங்கல்ல, அந்த மாதிரி பைலட்டுகளும் வேலைக்கு வந்ததும் ஒரு மிசின்ல ஊதோணும். துளி காட்டுனாலும் போச்சு. சித்த நேரம் உக்கார வெச்சு மறுபடி ஊதச் சொல்லுவாங்களாம். அப்பவும் காட்டுச்சுன்னா மூணு மாசம் பிளேன் பக்கமே போகக் கூடாது. பேர்லயும் எழுதிருவாங்க. இவங்கூட ஒரு பையன் இருந்தான், பொள்ளாச்சிப் பக்கம். போன வருசம் மாட்டுனான். வாய் கொப்பளிக்கற மருந்தாம், நாத்தம் போறதுக்குக் கொப்பளிச்சானாம், அது காட்டிருச்சாம். மூணு மாசம் முடிஞ்சும் கம்பெனி திருப்பி எடுத்துக்கல, இப்ப மாமனாரு கடையில பெயிண்டு டப்பா எடுத்துக் குடுத்துட்டிருக்கான். நவநீதன் இன்னும் அவனுக்காகப் பரிஞ்சு பேசறான், 'அவன் குடிக்கவே மாட்டானுங்கப்பா'ன்னு. நான் நம்பலீங்க. முப்பது வருசமா டிரைவருகளப் பாக்கறேன், எனக்குத் தெரியாதுங்களா?

எங்கிட்ட கருப்பண்ணன்னு ஒரு டிரைவரு இருந்தான். நல்ல ஓட்டக்காரன். ஒரு தடவ ஓசூர்ப் பக்கம் புடிச்சு ஊத வெச்சாங்க, காட்டிருச்சு. வண்டி போலீசுல, மஞ்ச லோடு நடுரோட்டுல. பாட்டிலக் கையில புடிச்சுக்கிட்டு வந்து நிக்கறான். 'சளிக்கு வைத்தியரு குடுத்தது மொதலாளி. வெறும் மருந்துதானுங்க. வெறும் மருந்துதானுங்க'ன்னு அழுவறான். குடிச்சவன் எவன் குடிச்சேன்னு சொல்லியிருக்கான்? குழாய் பொய் சொல்லுமுங்களா? அன்னிக்கே கணக்க முடிச்சு அனுப்பிட்டேன். மத்த ஆபீசுகளுக்கும் சொல்லிட்டேன், இவன ஏத்தாதீங்கன்னு. யாரும் ஏத்தல. இப்ப சந்தையில மூட்டை தூக்கறான். என்னையப் பாத்தா இன்னும் கும்புடறான். நான் திரும்பிக்குவேன்.

என்ற பையன் அந்த வெசயத்துல சொக்கத் தங்கமுங்க. கல்யாண ஊட்டுல பீர்ன்னு நீட்டுனாங்கன்னா எந்திரிச்சு வந்துருவான். அதனால எனக்கு அந்தக் குழாயப் பத்தி வெசனமே இல்ல.

வெசனமெல்லாம் இந்தச் சளியாலதான். முந்தாநேத்துல இருந்து அவனுக்கு மூக்கடப்பு. இந்தத் தொழில்ல ஓய்வு ஏதுங்க? ஒரு நாள் விடிகாலைல எந்திரிக்கச் சொல்றாங்க, மறுநாள் சாமத்துல வரச் சொல்றாங்க. ஒடம்பு என்னத்துக்கு ஆகறது? நேத்து சாயங்காலம் போனக் கையில வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கான். என்னடான்னேன். 'நாளைக்கு முடியாதுன்னு சொல்லிரலாம்னு பாக்கறங்கப்பா. காது அடச்சுக்குச்சுன்னா மேல கஷ்டம்'னான். எனக்குச் சுருக்குன்னுச்சு. 'அடுத்த வாரம் பரீட்சைய வெச்சுக்கிட்டு லீவு சொல்லுவியா? இவனென்ன சீக்காளியான்னு நெனக்க மாட்டாங்களா? உன்ற பிளேன்ல ஏறோணும்னு வேட்டிய வெளுத்து வெச்சுக்கிட்டு உக்காந்திருக்கறேன்'னேன். என்ற மூஞ்சியப் பாத்தான். போனக் கீழ வெச்சுட்டான். சொன்னாக் கேக்கற பையன் தம்பி, அதுல நான் குடுத்து வெச்சவன்.

சரி மாத்திரை வாங்கியாரட்டான்னா, வேண்டாம்ங்கறான். கம்பெனி டாக்டரக் கேக்காம ஒரு மருந்துந் தொடக் கூடாதாம், வேணும்னா வெறும் சுக்குத்தண்ணி போதும்னான், நானும் சரின்னுட்டேன். நல்ல சட்டமுங்க! சளி புடிச்சவனுக்கு மருந்து குடுக்காம ஆகாசத்துல ஏத்தறது. எனக்கு எப்பவும் பையில ஒரு பாட்டிலு இருக்குமுங்க. எங்க பக்கத்து வைத்தியரு போடற அரிஷ்டம். திராட்சையும் வெல்லமும் என்னென்னமோ பூவும் போட்டு, மண்பானையில மூடிக் களிமண்ணு பூசி, மாசக்கணக்காப் பொதச்சு வெச்சு எடுப்பாரு. எங்க ஊர்ல எல்லாத்துக்கும் அவருதான் வைத்தியம். கருப்பண்ணனும் அவருகிட்டதான் வாங்குனேன்னு சொன்னான். ஒரு முடக்கு உள்ள போச்சுன்னா நெஞ்சுல இதமா ஒரு சூடு எறங்குமுங்க. சளியெல்லாம் எங்க இருந்தேன்னு தெரியாமப் போயிரும்.

இன்னிக்குக் காலைல அவன் குளிக்கப் போன நேரத்துல சுக்கு, மொளகு, கருப்பட்டி தட்டிப் போட்டுக் காச்சி, ஆற வெச்சு, பிளாஸ்குல ஊத்தி, அதுல அந்த மருந்த ஊத்திட்டேன். பாட்டில்ல முக்கால்வாசி இருந்துச்சு, முழுசும் ஊத்திட்டேன். ஆற வெச்சுத்தான் ஊத்தோணும், சூட்டுல ஊத்துனா வீரியம் போயிருமுன்னு வைத்தியரு சொல்லியிருக்காரு. ஊட்டுல ஒரு டம்ளரு குடிச்சான். கார்ல வர்றப்ப ரெண்டு தடவ குடிச்சான். 'நல்லா இருக்குதுங்கப்பா, தொண்டை கொஞ்சம் பரவாயில்ல'ன்னான். மூக்கடப்புல அவனுக்கு வாசம் ஒண்ணும் தெரியல. அதுவும் நல்லதாப் போச்சு. இருந்ததையும் எடுத்துக்கிட்டுத்தான் உள்ள போனான். 'மறக்காமக் குடிச்சுக்கிட்டே இரு கண்ணு'ன்னேன். கையத் தூக்கிக் காட்டிட்டுப் போனான் தம்பி. அந்த வெள்ளைச் சட்டையில, பொட்டிய இழுத்துக்கிட்டு அவன் நடந்து போனதப் பாக்கோணுமே. அவங்கம்மா இருந்திருந்தா அங்கயே நின்னு அழுதிருப்பா.

ஏன் தம்பி அப்படிப் பாக்கறீங்க?

அதுல சாராயமா? அட போங்க. மருந்துங்க அது. புளிச்சது வேற, சாராயம் வேற. நான் வருசக்கணக்காக் குடிக்கறேன், ஒரு நாள் தள்ளாடியிருப்பனா? நான் எதுக்குங்க குழாயில ஊதப்போறேன், எனக்கென்ன தெரியும். ஆனா மருந்து எப்படிங்க காட்டும்? அப்படிப் பாத்தா கருப்பண்ணன் சொன்னதும் நெசமாயிருமே. நீங்க படிச்சவரு, இப்படிப் பேசலாமுங்களா?

அந்தப் பொண்ணு ரெண்டு தடவ இந்தப் பக்கம் வந்துட்டுப் போச்சு, பாத்தீங்களா? இப்பச் சிரிக்கல. முன்னால இன்னொரு பொண்ணுகிட்ட என்னமோ குசுகுசுன்னுது, ரெண்டும் என்ற பக்கம் பாத்துட்டுத் திரும்பிக்குச்சு. பளபளன்னு பச்சைச் சட்டை மாட்டுன ஏர்போர்ட்டு ஆளு ஒருத்தரு ஓடியாந்தாரு, உள்ள பேசிட்டு ஓடிட்டாரு.

இருங்க, போன் அடிக்குது. நவநீதந்தான். அட, உள்ள இருந்துக்கிட்டே பேசறானோ?

சொல்லு கண்ணு. ஆமா, ஏறி உக்காந்துட்டேன். நல்ல சீட்டுத்தான். ஏன்டா கொரலு ஒரு மாதிரி இருக்குது? பிளாஸ்குலயா? சுக்கு, மொளகு, கருப்பட்டி. வேற ஒண்ணுமில்ல. இல்லடா, வேற என்ன ஊத்தப்போறேன்? நெசமாத்தான் சொல்றேன். ஏன்டா திருப்பித் திருப்பிக் கேக்கற? உங்கம்மா மேல சத்தியமா ஒண்ணும் கலக்கல. வெறும் சுக்குத்தண்ணி. ஆமா, வெறும் சுக்குத்தண்ணி. அலோ? நவநீதா?

வெச்சுட்டான்.

பிளாஸ்குல என்ன இருந்துச்சுன்னு கேக்கறான் தம்பி. மூணு தடவ கேட்டான். 'திட்ட மாட்டேன், நெசத்தச் சொல்லுங்கப்பா'ங்கறான். எப்படிங்க சொல்றது? மருந்து குடுக்க மாட்டேன்னு அவங்கிட்ட ஒத்துக்கிட்டுக் குடுத்திருக்கறேன். போன சத்தமா வெச்சிருந்தான் போல, பக்கத்துல ஆளுக பேசறது கேட்டுச்சு. நான் சுக்குத்தண்ணின்னதும் யாரோ ஒருத்தரு இங்கிலீசுல 'ஓகே'ன்னாரு. ஆபீசருகளுக்கு முன்னால, டாக்டரக் கேக்காம எங்கப்பன் மருந்து குடுத்தாருன்னு தெரிஞ்சா அவனுக்கில்ல கேவலம்? அதனாலதான் அப்படிச் சொன்னேன். சாயங்காலம் போன் பண்ணி நெதானமாச் சொல்லிக்கறேன். அவன் 'சரிங்கப்பா'ன்னான். அவ்வளவுதான் சொன்னான். அப்படிப் பாதியில போன வெக்கற ஆளே இல்லீங்க அவன்.

கையப் புடிக்காதீங்க தம்பி, வலிக்குது. இப்பவே கூப்புட்டு எதச் சொல்லோணும்ங்கறீங்க?

ரெண்டாவது தடவ ஊதறதுக்கு வெளிய உக்கார வெச்சிருப்பாங்களா? அவன் உள்ளதான இருக்கான். முன்னால கதவுக்கு அந்தப் பக்கம், ஓட்டற எடத்துல. அங்க இருந்துதான பேசுனான்?

அங்க யாரு ஓடியார்றது? வெள்ளைச் சட்டை, தோள்ல பட்டை. பொட்டிய இழுத்துக்கிட்டு மூச்சு வாங்கிட்டுப் போறாரே. அது அவன் இல்லீங்களே. அவன் இன்னும் கொஞ்சம் ஒசரம்.

கதவு சாத்தறாங்க.

மைக்குல பேசறாங்க தம்பி, புடிங்க, போன்ல புடிங்க. கேப்டன் பேரு என்னமோ வடக்கத்திப் பேரு. சரி. கூட ஓட்டறது... என்ன பேருங்க சொன்னாங்க? எனக்குக் காது சரியா உழுகல. நவநீதன்னு தான சொன்னாங்க? இல்லீங்களா? திருப்பிப் போடுங்க, நான் கேக்கறேன். திருப்பிப் போடுங்க.

அடிக்கறேன், எடுக்க மாட்டேங்கறான். மறுபடி அடிக்கறேன். பிளேன் நகருதுங்களா? நகருதுங்களே!

அம்மிணி! இங்க வா அம்மிணி. போன ஆப் பண்றேன், பண்ணீர்றேன். ஒரே ஒரு பேச்சுப் பேசிக்கறேன். இத நிறுத்தச் சொல்லு. என்ற பையன் அங்க கீழ நிக்கறான். ஒரு துளி தொடாத பையன் அவன், உனக்கே தெரியும், நீதான சாருன்னு சொன்ன. நான் ஊத்துனதுதான், அவனுக்கு ஒண்ணுந் தெரியாது. அவங்ககிட்ட யாராச்சும் சொல்லுங்க அம்மிணி. சளிக்கு வைத்தியரு குடுத்ததுங்க. வெறும் மருந்துதானுங்க. வெறும் மருந்துதானுங்க.